நோவு அறியாத கையும் காலும்

திருக்கோவிலூரில் உலகளந்த பெருமாளின் திருவுருவைக் கண்டிராத மாணவர் இப்பக்கத்தில் மிகச் சிலரே இருப்பர். ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மற்றொன்றை விண்ணளவு தூக்கி நிற்கும் கோலம் அது. பத்தர்கள் அதில் காண்பது ஒன்று. உடற்கூறு படித்தவர் காண்பது மற்றொன்று. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்த ஒரு கணத்தில் உடலின் பாரம் முழுவதையும் ஒரு பாதம் தாங்குகிறது. ஒரு நாளில் இவ்வாறு பல ஆயிரம் முறை தாங்கியும் அது புண்படுவதில்லை. ஏன் புண்படுவதில்லை? இக்கேள்வியை நாம் கேட்டுக்கொள்வதில்லை. நடக்க முடிகிறவன் நடையைப் பற்றி நினைப்பதில்லை அன்றோ?

இக்கேள்விக்கு விடை கண்ட வரலாறு பெரும்பாலும் நம் தமிழ்நாட்டிலேயே, செங்கற்பட்டிலும் வேலூரிலும் நிகழ்ந்தது. அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் கல்வராயன் மலை வரைக்கும் வந்து சேர்கிறது. ஆயினும் நம் பள்ளிப் பாடநூல்களில் அதற்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. அரசர்களின் போர்களுக்குக் கொடுத்த பக்கங்களில் இரண்டை இதற்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

போர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோவலூரிலிருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது சங்க இலக்கியம் தரும் செய்தி. அதே கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பால் பிராண்டு என்னும் ஆங்கிலக் குழந்தை பிறந்தது. தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு, தாயார் எவலின். இருவரும் சமயப் பணிக்காக வந்தவர்கள்; மலைமக்களுக்கு மருந்து கொடுத்து, வீடு கட்டவும் பயிரிடவும் துணை செய்து வாழ்ந்தனர். சிறுவன் பால் மலைப்பிள்ளைகளோடு வெறுங்காலுடன் ஓடி, மரமேறி வளர்ந்தான். ஒன்பதாம் வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929இல் தந்தையார் காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார்.

பின்னர் பால் முதலில் கற்றது மருத்துவம் அன்று, கட்டடத் தொழில். கல் அடுக்கவும் மரம் இழைக்கவும் சில ஆண்டுகள் பயின்ற பிறகே இலண்டனில் மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். இதை வீண்போன காலம் என்று எண்ணிவிட வேண்டா. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது, எந்தப் பிடியில் உளி கையை அறுக்கும் என்பதைத் தச்சன் அறிவதுபோல் மருத்துவன் அறிவதில்லை. உலகப் போரின்போது இலண்டனில் குண்டுவீச்சில் காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்து தேர்ந்தவர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு அவர் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயின் தோல்நிலையை ஆராய்ந்து புகழ்பெற்றவர். நோயாளிகள் பலரின் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. சிலருக்கு விரல்களே குறைந்திருந்தன. அக்கைகளைச் செப்பனிட எலும்பு மருத்துவர் எவரும் முன்வந்ததில்லை என்று காக்ரேன் வருந்தினார். பிராண்டு அத்தகைய ஒருவரின் மடங்கிய கையைப் பற்றி, தம் கையை இறுக்கிப் பிடிக்குமாறு கேட்டார். மெல்லிய பிடியையே அவர் எதிர்பார்த்திருந்தார். அம்மனிதரோ, பிராண்டு வலி பொறுக்க மாட்டாமல் கூவும் அளவுக்கு இறுக்கினார்!

அந்த ஒரு கைப்பிடியிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, கை முற்றும் செத்துவிடவில்லை. விரலை மடக்கும் வலிய தசைகள் உயிரோடுதான் இருந்தன. மற்றொன்று, தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அம்மனிதர் அறியவில்லை. முதல் உண்மை அறுவை மருத்துவத்துக்கு வழிகாட்டிற்று. இரண்டாவதன் பொருள் விளங்கப் பிராண்டுக்கே சில ஆண்டுகள் ஆயின.

முதலில் அறுவையைப் பார்ப்போம். தொழுநோய் நரம்பைத் தாக்கும் நோய். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போன்ற இடங்களில் நரம்பு தோலை ஒட்டிச் செல்கிறது. அங்குதான் அது வீங்கிக் கெடுகிறது. (சிற்றூர்களில் நரம்பு, தசைநாண், இரத்தக்குழாய் மூன்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். மாணவர் மூன்றையும் வேறு பிரித்து அறிதல் நலம். மூளையின் செய்தியைக் கொண்டு செல்வது நரம்பு. தசையை எலும்போடு கட்டும் கயிறு தசைநாண்.) முழங்கைக்குக் கீழே நரம்பு கெட்டால் உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கும், முன்கையிலுள்ள பெருந்தசைகள் பிழைத்திருக்கும். ஆகவே, பிழைத்த தசை ஒன்றின் நாணை அது பற்றியிருந்த இடத்திலிருந்து விடுவித்து, செயலற்ற விரலுக்கு மாற்றித் தைத்தால் அவ்விரல் மீண்டும் இயங்கும். 1948இல் வேலூரில் இவ்வறுவைகள் தொடங்கின.

கத்தியோடு வேலை முடிந்துவிடவில்லை. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றியாயிற்று. மூளைக்கு அது எப்படித் தெரியும்? சில வாரம் மாவுக்கட்டில் இருந்த கையை வெளியே எடுத்ததும் நோயாளி கட்டைவிரலை அசைக்க முயல்வார், அது அசையாது. 'மோதிர விரலை மடக்குவதாக எண்ணிக்கொள்' என்று சொல்ல வேண்டும். அவர் அவ்வாறு எண்ணியதும் கட்டைவிரல் அசையும்! நாட்கணக்கில் இதனைப் பயிற்றிப் பழக்குவதே பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம். சீனாவில் பணிபுரிந்து, அங்கு ஆட்சி மாறியபின் வெளியேறிய ரூத் தாமசு என்னும் இயன்முறை மருத்துவர் வேலூருக்கு வந்து, இப்பயிற்சியை ஒழுங்குபட நடத்தினார். அறுவைக்கு முன்பே விறைத்த மூட்டுகளை எண்ணெய் தடவி நீவி, நாளும் சிறிது சிறிதாக நீட்டி இளக்கிக்கொள்ள வேண்டும். இளகாத விரலில் எந்த நாணைத் தைத்தும் பயனில்லை. மூட்டை ஒரே இழுப்பில் நிமிர்த்த முயன்றால் உள்ளே கிழியும். மெல்ல நெடுநேரம் நீட்டினால் தசையும் தோலும் தாமே இடங்கொடுக்கும். விளையாட்டுத் திடலில் உடலை வெட்டி வெட்டி இழுத்து வளைக்கும் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்ளட்டும்.

கை நேராயிற்று, வாழ்வு நேராயிற்றா? செப்பனிட்ட கையோடு சென்ற சிலர் மனங்கசந்து திரும்பி வந்தனர். 'முன்பு மடங்கிய கையைக் கண்டு காசு போட்டார்கள். இப்போது அதுவும் இல்லை. வேலையோ எவரும் தருவதில்லை. இருக்க இடமும் இல்லை' என்பது அவர்கள் முறையீடு. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது. ஆதலால் 1951இல் வேலூர்க் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மண்சுவர்க் குடிசைகள், அவற்றின் நடுவே ஒரு பட்டறை. பழைய தச்சர் மீண்டும் உளியை எடுத்தார். இளைஞர்கள் மரப் பொம்மைகளும் பிறவும் செய்யக் கற்றனர்.

அங்குதான் இரண்டாம் உண்மை வெளிப்பட்டது.

அந்நாளில் மருத்துவருள்ளும் பலர், தொழுநோய் விரலின் சதையை அழுகச் செய்கிறது, அதனால் விரல் உதிர்கிறது என்றே நம்பினர். ஊராரோ அதனை முன்வினை என்றனர். பிராண்டு விரல் திசுக்களை ஆராயச் செய்தார். அவை பிறர் திசுக்களைப் போன்றே இருந்தன. காயம் பட்டால் ஆறவும் செய்தன. அப்படியானால் விரல் எங்கே போயிற்று? ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் வலிந்து முயன்றும் சாவி திரும்பவில்லை. மெலிந்த சிறுவன் ஒருவன் வந்து, 'நான் திறக்கிறேன்' என்று சாவியைப் பற்றி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். வளர்ந்த மனிதரைவிட இவனுக்கு வலிமை ஏது என்று வியந்தவர், தரையில் இரத்தத் துளிகளைக் கண்டார். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரியுமளவு அறுத்திருந்தது. சிறுவனுக்கு அது தெரியவே இல்லை.

வலிமை அவனுக்கு மிகுதியாக இருந்ததன்று, தடுப்பு இல்லாதிருந்தது. நம் தசைகளுக்கு விரலை நசுக்கும் வலிமை உண்டு. நோவு என்னும் காவலன் 'போதும்' என்று சொல்லுவதால் நாம் அதைப் பயன்படுத்துவதில்லை.

அன்று முதல் நவஜீவ நிலையத்தில் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடப்பட்டது. கையில் கொப்புளம் ஒன்று எழுந்தால், 'நோயால் வந்தது' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. நேற்று என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். காரணங்கள் ஒவ்வொன்றாய் அகப்பட்டன: அடுப்பிலிருந்து துணியின்றி இறக்கிய பானை, சுடுகின்ற விளக்குக் கண்ணாடி, சிராய் எழுந்த சுத்தியல் காம்பு, செருப்பிலிருந்து மேலெழுந்த ஆணி. சிலர் இரவில் முழு விரலோடு படுத்துக் காலையில் குறைவிரலோடு எழுந்தனர். இதைக் கண்டுபிடிக்க இரவில் விழித்திருக்க வேண்டியதாயிற்று. எலிகள் வந்து கடித்தன, உறங்குபவருக்கு உறைக்கவில்லை. அதன்பின் நிலையத்தை விட்டுச் செல்வோருக்குப் பூனைக்குட்டி ஒன்றும் கொடுத்தனுப்பினர். மருத்துவ வரலாற்றில் பூனை மருந்தாக எழுதிக் கொடுக்கப்பட்டது இங்காகத்தான் இருக்கும்.

பின்னர் உருவான விதிகள் மிக எளியவை. நாள்தோறும் கையையும் காலையும் கண்ணால் பார். சிவந்த இடம் உண்டா, வெடிப்பு உண்டா, விரலால் தொட்டால் ஓரிடம் மட்டும் சுடுகிறதா என்று தேடு. உணர்வற்ற தோலில் வியர்வை சுரக்காது. ஆதலால் வறண்டு வெடிக்கும். நீரில் ஊறவைத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவு. கருவியின் காம்பைத் தடிமனாக்கித் துணி சுற்று. நோவு சொல்லாததைக் கண் சொல்லட்டும் என்பதே இவற்றின் கருத்து.

காலின் கதை இன்னும் நுட்பமானது. உள்ளங்காலில் ஆறாப்புண் உடையோர் படுக்கையில் இருந்தால் அது ஆறிவிடும். எழுந்து நடந்தால் மீண்டும் வரும். காலை மாவுக்கட்டில் வைத்து, புண்மீது அழுத்தம் படாமல் காத்தாலே பல புண்கள் மருந்தின்றி ஆறின. எனவே பகை கிருமி மட்டும் அன்று, அழுத்தமே பெரும்பகை. பிராண்டு வேலூரிலும், பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்திலும் ஆராய்ந்து, அழுத்தம் மூவகையில் கெடுக்கிறது என்று விளக்கினார். முள்ளோ ஆணியோ ஒரே குத்தில் தோலைத் துளைப்பது எல்லோரும் அறிந்தது. அடுத்தது, சிறிய அழுத்தம் விடாமல் பல மணி நேரம் நீடிப்பது. இறுக்கமான காலணி இதற்குச் சான்று. அவ்விடத்தில் இரத்தம் ஓடாது, தோல் பட்டுப்போகும். வகுப்பில் பலகைமேல் அமர்ந்த மாணவர் ஓயாமல் நெளிவதைக் கண்டு ஆசிரியர்கள் சினப்பதுண்டு. அந்நெளிவு உடலின் அறிவாகும். நெளியாமல் மணிக்கணக்கில் இருப்பவனுக்குத்தான் புண் வரும்.

மூன்றாவதே வஞ்சகமானது. ஓர் அடியால் தீங்கில்லை; நூறு அடியாலும் தீங்கில்லை. அதே இடத்தில் அதே அழுத்தம் ஆயிரக்கணக்கில் விழும்போது உள்ளே சதை சூடேறி வீங்குகிறது. நல்ல கால் உடையவன் இதை அறியாமலே சமாளிக்கிறான். நெடுந்தொலைவு நடக்கையில் சிறிது நோவு தோன்றும். உடனே அவன் நடை மாறும். குதிகாலில் விழுந்த பாரத்தைப் பக்கத்துக்கு மாற்றுவான், அடியைக் குறுக்குவான், சிறிது நொண்டுவான். உணர்வற்ற காலுடையவன் நொண்டுவதில்லை. புண்மீதே மிதித்து நிமிர்ந்து நடப்பான். நொண்டுதலை நாம் குறையாகக் கருதுகிறோம்; அதுவோ உடல் தன்னைக் காக்கும் முறை.

இதிலிருந்து செருப்பு பிறந்தது. உள்ளே மிருதுவான மைக்ரோசெல்லுலார் ரப்பர், அடியில் முள்ளேறாத கடினமான அட்டை, ஆணி அறவே கூடாது. பாரம் ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுதும் பரவும். பாதம் மிகவும் கெட்டவருக்கு அடிப்புறம் வளைந்த காலணி. பாதத்தை மடக்காமலே உருண்டு அடியெடுத்து வைக்கலாம். இதனோடு, நீண்ட எட்டு வைக்காதே, ஓடாதே, இடையிடையே உட்கார் என்னும் நடைப் பாடமும் கற்பிக்கப்பட்டது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் எழுந்த தொழுநோய் ஆய்வு நிலையம் இவ்வேலையை வளர்த்தது. பல நாடுகளிலிருந்து மருத்துவரும் பயிற்சியாளரும் அங்கு வந்து கற்றுச் சென்றனர்.

வேலூர் வரலாற்றில் மறக்கலாகாத மற்றொருவர் டாக்டர் மேரி வர்கீசு. கேரளத்தில் பிறந்து வேலூரில் பயின்ற இளம் மருத்துவர். 1954ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், உடன் பணிபுரிவோரோடு சென்ற வண்டி கவிழ்ந்து அவர் முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அமர்ந்தபடியே கை அறுவை செய்யலாம் என்று பிராண்டு ஊக்கினார். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அவர் தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிட்டார். நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் அதற்கெனத் தனி நிலையமே திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார். பனையிலிருந்தோ கிணற்று மேட்டிலிருந்தோ விழுந்து முதுகு முறிந்தவர் ஒரே பக்கமாய்க் கிடந்து படுக்கைப்புண்ணால் இறப்பது நம் சிற்றூர்களில் நிகழ்ந்து வந்தது. அவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுதல், நாற்காலியில் இருப்பவர் கையூன்றி அடிக்கடி உடலைத் தூக்கிக்கொள்ளுதல் என்னும் முறைகள் அவர்களைக் காப்பன. நவஜீவ நிலையம் கண்ட பாடமே இங்கு முதுகுக்கு வந்தது.

தொழுநோயின் நிலை இன்று வேறு. 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அது முற்றும் குணமாகும் நோயாயிற்று. ஆனால் அச்செருப்புக்கு ஓய்வு கிடைக்கவில்லை. நீரிழிவும் நெடுநாளில் பாதத்து நரம்பைக் கெடுக்கும். சுடுதரையில் நின்றும் சூடறியாத, செருப்புக்குள் கல் கிடந்தும் தெரியாத பெரியோர் இன்று நம் வீடுகளிலேயே உள்ளனர். தொழுநோயாளருக்குச் செய்த அதே மெல்லிய ரப்பர்ச் செருப்பையே மருத்துவர் இவர்களுக்கும் எழுதிக் கொடுக்கின்றனர். வீட்டில் அத்தகைய பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், இரவில் அவர் உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பது பேரன் பேத்தியர் செய்யத்தக்க வேலை. மூத்தோருக்கு அவ்வளவு குனிந்து பார்க்க இயலாது.

இளைஞர்க்கும் இதில் செய்தி உண்டு. பந்தாட்டத்தில் கணுக்கால் பிசகியவன் வலி தெரியாமல் மருந்து தெளித்துக்கொண்டு மீண்டும் களத்தில் இறங்குகிறான். பார்ப்போர் அதனை வீரம் என்று கைதட்டுகின்றனர். சற்று நேரத்துக்கு அவன் அந்தப் பூட்டுத் திறந்த சிறுவனாகிவிடுகிறான் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். பாலின் தாயார் எவலின் அம்மையாரைப் பற்றி இதுவரை சிறிதே சொன்னேன். கணவர் இறந்தபின் அவர் மீண்டும் இந்தியா வந்து பணியாற்றினார். பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், எவர் உதவியையும் எதிர்பாராமல் மலைக்கே குடியேறினார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய மலைகளிலும் ஊர் ஊராய்ச் சென்றார். எழுபத்தைந்தாம் வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையில் கிடந்தார். மறுநாள் கயிற்றுக் கட்டிலில் வைத்து நால்வர் மலையிலிருந்து இறக்கினர். இனி மலை வேண்டா என்று மகன் மன்றாடியும் அவர் கேட்கவில்லை.

கால்கள் பழைய வலிமை பெறவில்லை. அதனால் இரு கைகளிலும் மூங்கில் கோல் ஊன்றி நடந்தார். நடக்க முடியாத பாதைகளில் மட்டக்குதிரைமேல் சென்றார். கோலைப் பற்றி ஒரு சொல். ஒரு கால் மட்டும் நோவுடையவர் கோலை எந்தக் கையில் பிடிப்பது? நோவுள்ள காலின் பக்கமே பிடிப்பவர் மிகுதி. எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நோவுள்ள கால் முன்செல்லும்போது கோலும் உடன் செல்ல வேண்டும். அப்போதுதான் இடுப்பு மூட்டின் சுமை குறையும். அம்மையாருக்கு இரு கால்களும் தளர்ந்திருந்ததால் இரு கோல்கள். அவ்விரு கோல்களோடு அவர் மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைகளில் வாழ்ந்தார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். கொல்லிமலை வாழவந்தியில் கணவரின் கல்லறையருகே அவரை அடக்கம் செய்தனர்.